குர்துபாக் கண்ணீரும் கொஞ்சம் கணக்கும்

2025 ஆகஸ்ட் 8ஆம் திகதி இரவு ஸ்பெயினின் குர்துபா நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் தீப்பிடித்தது. தீ பெரிதாகப் பரவவில்லை. துப்புரவு இயந்திரங்கள் வைக்கப் பாவித்த ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து மிகுதியைக் காப்பாற்றிவிட்டார்கள். மறுநாளே கட்டடம் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. இங்கே எம்மவர் கவிதைகளில் மூண்ட தீதான் அணைய நாலைந்து மாதமாயிற்று.

சஞ்சிகைகளிலும் கவியரங்குகளிலுமாக ஏழெட்டுக் கவிதைகளாவது என் கண்ணிலும் காதிலும் பட்டிருக்கும். எல்லாவற்றிலும் தூண்கள் அழுதன. மிஹ்றாப் அநாதையாய் நின்றது. ஒன்றில், வானத்தைப் பார்த்து நிற்கும் மினாரா எண்ணூறு வருடங்களாக ஒரு பாங்கொலிக்காகக் காத்திருந்தது. அந்த மினாராவை இன்று யாரும் காண முடியாது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் பத்தாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோபுரம் 1589ஆம் ஆண்டுப் புயலில் சேதமுற, அதைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி மணிக்கோபுரமாக்கிவிட்டார்கள். மினாரா அதற்குள்ளே சிறையிருக்கிறது. கவிஞர் இதை அறிந்திருந்தால் இதைவிடப் பெரிய கவிதை ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கும். அவருக்குக் குர்துபா தேவைப்படவில்லை, அழுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

இதை ஏளனமாக எழுதவில்லை. நானும் அந்தக் கண்ணீரில் வளர்ந்தவன்தான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதி இலக்கிய மன்றத்துக் கையெழுத்துச் சஞ்சிகையில் 'குர்துபாவே' என்று தொடங்கும் முப்பது வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். அல்லாமா இக்பால் 1933ஆம் ஆண்டு அங்கு சென்று தொழுததும், அதன் பின் அவர் எழுதிய நெடுங்கவிதை 'பாலே ஜிப்ரீல்' தொகுப்பில் வெளிவந்ததும் எங்களுக்கு மனப்பாடம். கவிதையை உருதுவில் படித்தவர் எங்களில் ஒருவருமில்லை. அவர் தொழுத புகைப்படத்தைப் பார்த்திருந்தோம். அதுவே போதுமாயிருந்தது.

2023 டிசம்பரில் எனக்கு அந்த இடத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. பிரான்சில் இருக்கும் என் மனைவியின் தம்பி செலவை ஏற்றுக்கொண்டான். மட்ரிட்டிலிருந்து ரயிலில் போய் ஓர் இரவு தங்கினோம். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை எட்டரை மணி தொடக்கம் ஒன்பதரை வரை உள்ளே போக ரிக்கற் தேவையில்லை என்று அவன் விசாரித்து வைத்திருந்தான். நல்ல குளிர். தோடை மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து வாசலுக்கு வந்ததும் காவலாளி என் தலையைக் காட்டிச் சைகை செய்தான். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டுமாம், அது தேவாலயத்தின் ஒழுங்கு. நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனேன். மச்சினன் கையைப் பிடித்துவிட்டான். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பள்ளிவாசலுக்குள் போய் வந்த உடம்பு. தொப்பி ஜக்கற் பைக்குள்ளும் சப்பாத்துக் காலிலுமாக உள்ளே போனபோது எனக்கு ஏதோ குற்றம் செய்தவனைப் போலத்தான் இருந்தது.

உள்ளே அரை இருட்டு. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாய், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகள், சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி. படத்தில் கண்டது எதுவும் இதற்கு உதவாது. நடந்து போனால் திடீரென்று கூரை உயர்கிறது, வெளிச்சம் கொட்டுகிறது, வெள்ளைச் சுண்ணாம்புச் சிற்பங்களுடன் ஒரு பேராலயம் நடுவயிற்றில் நிற்கிறது. பத்தடி தள்ளிப் போனால் மறுபடியும் தூண்களின் காடு. தென்கோடியில் இரும்புக் கம்பி வேலிக்கு அப்பால் மிஹ்றாப். பொன்னும் நீலமுமாய் அதன் நெற்றியில் கூபி எழுத்துகள்.

ளுஹாத் தொழுகையின் நேரம். என் முகத்தைப் பார்த்தே மச்சினனுக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், ரெண்டு ரக்அத் தொழுவமெண்டு நினைச்சிடாதீங்க. பொலிஸக் கூப்பிட்டிருவானுகள். எனக்கு இப்பதான் கார்ட் புதுப்பிக்கக் குடுத்திருக்கு."

அவன் பயத்தில் நியாயமுண்டு. 2010இல் ஒஸ்ரியாவிலிருந்து வந்த முஸ்லிம் உல்லாசப் பயணிகள் சிலர் அங்கே தொழ முற்பட்டபோது காவலாளிகளுடன் கைகலப்பாகி இருவர் கைதானார்கள். அதற்கு முன், 2006இன் இறுதியில், ஸ்பானிய முஸ்லிம் தலைவர்களில் ஒருவரான மன்சூர் எஸ்குதேரோ அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரோரம் தெருவில் நின்று தொழுது தன் எதிர்ப்பைக் காட்டினார். ஆயர் இல்லம் மசியவில்லை. நான் தொழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது உண்மை. அந்தக் கண்ணீர் எதற்கானது என்று அன்றிரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியது.

'எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது' என்பதுதானே எல்லாக் கவிதைகளின் பல்லவியும். சரி, கணக்குப் பார்ப்போம்.

முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் இதைக் கட்டத் தொடங்கியபோது அவ்விடத்தில் புனித வின்சன்ற் தேவாலயம் இருந்தது என்றும், ஆரம்பத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதைப் பங்கிட்டு வழிபட்டார்கள் என்றும், பின்னர் அமீர் மறுபாதியையும் விலைகொடுத்து வாங்கி இடித்துக் கட்டினார் என்றும் சொல்கிறவர்கள் யார்? பாதிரிமார் அல்லர். இப்னு இதாரீ போன்ற எமது அரபு வரலாற்றாசிரியர்களே. தேவாலயம் மிகச் சரியாக அங்கேதான் இருந்ததா என்பதில் இன்றைய அகழ்வாராய்ச்சியாளர்களிடையே சர்ச்சை உண்டு. நிலத்தின் கீழ்க் கிடைத்த பழைய கல்பதித் தரையொன்றைக் கண்ணாடிக்கு ஊடாகக் காட்டுகிறார்கள். அந்தச் சர்ச்சையில் ஆயர் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார், அது அவருக்கு வசதி. நாம் அந்தச் சர்ச்சையே இல்லாதது போல எழுதுகிறோம். இது எமக்கு வசதி.

அழுகின்ற தூண்களில் பல இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே செதுக்கப்பட்டவை. உரோமர் காலத்துக் கட்டடங்களிலும் விசிகோத்தியர் காலத்துக் கட்டடங்களிலும் இருந்து கொண்டுவரப்பட்டவை. அதனால்தான் நிறமும் தடிப்பும் தலைப்பகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. உயரம் போதாததால்தான் வளைவின்மேல் வளைவு வைக்கும் அந்த அதிசய யோசனையே பிறந்தது. அதற்கு முன்மாதிரி மெரிதா நகரில் உரோமர் கட்டிய நீர்ப்பாலம்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இதனால் அந்த முஸ்லிம் கொத்தனின் பெருமை குறைகிறதா? என் பார்வையில் கூடுகிறது. குட்டைத் தூணை வைத்துக்கொண்டு வானத்தைக் கட்டியவன் அவன். ஆனால் எம் கவிதைகளில் அவனுக்கு இடமில்லை. அங்கே எல்லாம் வெறுமையிலிருந்து நாமே படைத்தவை.

மிஹ்றாபின் பொன் வேலைப்பாட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகம் பள்ளியை விஸ்தரித்தபோது, கொன்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவப் பேரரசருக்குத் தூதனுப்பி, கண்ணாடித் துண்டு பதிக்கும் ஒரு கலைஞனைக் கேட்டார். கலைஞனும் வந்தான், கூடவே 320 குவின்றால் எடையில் கண்ணாடித் துண்டுகளும் வந்தன. இதையும் இப்னு இதாரீதான் எழுதி வைத்திருக்கிறார். அவனிடம் வேலை பழகிய உள்ளூரார் அவனையே மிஞ்சினார்களாம். அந்தப் பேரரசு அதே ஆண்டுகளில் ஷாமின் எல்லையில் முஸ்லிம்களோடு கடும் போரில் இருந்தது. போர் ஒரு பக்கம், பள்ளிவாசலுக்குப் பரிசு இன்னொரு பக்கம். நான் கம்பியைப் பிடித்து நின்று அழுதது, ஒரு கிறிஸ்தவன் கை வைத்த வேலைப்பாட்டைப் பார்த்துத்தான்.

இனி மணிகளின் கதை. ஹாஜிப் அல்மன்சூர் 997ஆம் ஆண்டு வடக்கே சந்தியாகோ நகரைத் தாக்கி, அங்கிருந்த தேவாலயத்தின் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் குர்துபாவுக்குக் கொண்டுவந்தார். அவை பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கின. 239 ஆண்டுகளின் பின், 1236இல், மன்னன் மூன்றாம் பெர்னாந்தோ நகரைப் பிடித்ததும் அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றிச் சந்தியாகோவுக்குத் திருப்பி அனுப்பினான் என்று கிறிஸ்தவ வரலாறுகள் பெருமையோடு கூறுகின்றன. எம்மவர் கட்டுரைகளில் இரண்டாவது பயணம் மட்டும் வருகிறது. போகும்போது வலித்த தோள், வரும்போது வலிக்கவில்லையா?

அந்த அல்மன்சூர்தான் பள்ளியின் கிழக்குப் பக்கத்தில் எட்டு வரிசை கூட்டிக் கட்டிய பெரிய மனிதர். கடந்த வருடம் தீப்பிடித்ததும் அந்தப் பகுதியில்தான். இரண்டாம் ஹகம் சேர்த்து வைத்த பெயர்பெற்ற நூலகத்திலிருந்து தத்துவ நூல்களையும் வானியல் நூல்களையும் பிரித்தெடுத்து, உலமாக்களின் மனங்குளிர எரிப்பித்தவரும் அவரே. கூரை எரிந்ததற்கு ஒப்பாரி வைத்த இலக்கியவாதிகளே, நூல்கள் எரிந்ததற்கு ஒரு வரி உண்டா? இப்னு ருஷ்து குர்துபாவில் பிறந்தவர், அந்நகரின் காழியாக இருந்தவர். முதுமையில் அவருடைய நூல்கள் தீக்கிரையாகின, அவர் லூசேனாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தமக்கு நேர்ந்தவற்றுள் மிகக் கொடியது, குர்துபாப் பள்ளிவாசல் ஒன்றுக்குத் தம் மகனோடு அஸர் தொழப் போனபோது கூட்டமொன்று தம்மை வெளியே துரத்தியதுதான் என்று அவர் சொன்னதாகப் பதிவுண்டு. அவரைத் துரத்தியவர்கள் கத்தோலிக்கர் அல்லர். குர்துபாவில் தொழவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று எழுதினால் எஸ்குதேரோவுக்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்னாலேயே எமது காழியின் பெயரை எழுத வேண்டியிருக்கும்.

இப்படியெல்லாம் சொல்வதால் நான் ஆயரின் ஆளென்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தப் பக்கத்துக் கணக்கும் கறைபடிந்ததே.

2006இல் அக்கட்டடத்தைத் திருச்சபை தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. செலவு வெறும் 30 யூரோ. பாதிரிமார் தாமே உறுதிப்படுத்தினால் போதும், வேறு உறுதிப் பத்திரம் வேண்டாம் என்ற பழைய சட்ட ஏற்பாட்டை 1998இல் வழிபாட்டிடங்களுக்கும் விரித்திருந்தார்கள். 2015இல்தான் அதை நீக்கினார்கள். அத்தோடு நிற்கவில்லை. பார்வையாளருக்குக் கொடுக்கும் பிரசுரத்திலிருந்து 'பள்ளிவாசல்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு வெறும் 'குர்துபாப் பேராலயம்' என்று அச்சடித்தார்கள். 2014இல் இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஸ்பானியர். 2016இல் அந்தச் சொல் திரும்பி வந்தது. ஊர்ச்சனத்துக்கோ அது என்றைக்கும் 'மெஸ்கீத்தா'தான், அதாவது மஸ்ஜித். நாங்கள் வழி கேட்ட பழக்கடைக் கிழவி கழுத்தில் சிலுவையோடு 'மெஸ்கீத்தா' என்றுதான் கைகாட்டினாள்.

பேராலயத்தை நடுவில் கட்டியபோதும் இதுதான் நடந்தது. 1523இல் ஆயரும் குருமார் சபையும் இடிக்கத் தொடங்கியபோது குர்துபா நகரசபை எதிர்த்தது. இடிப்பு வேலைக்குப் போகிறவனுக்கு மரண தண்டனை என்று பறைசாற்றியது. பேரரசன் ஐந்தாம் கார்லோஸ் குருமார் பக்கம் தீர்ப்புச் சொன்னதால் நகரசபை தோற்றது. பிறகு நேரில் வந்து பார்த்த பேரரசனே வருந்தினான் என்பது கதை. ஆண்டைக் கவனியுங்கள். கஸ்தீலிய இராச்சியத்தில் முஸ்லிமாக இருப்பதே 1502இல் தடைசெய்யப்பட்டுவிட்டது. அந்தப் பள்ளிவாசலுக்காக வாய் திறக்க ஒரு முஸ்லிமும் மிஞ்சியிராத நாளில், அந்தத் தூண்களுக்காக மரண தண்டனையை நீட்டியவர்கள் ஞாயிறு தோறும் பூசை காணும் கத்தோலிக்கர். எம்மவரின் எந்தக் கவிதையில் இவர்கள் வருகிறார்கள்? ஆயர் பிரசுரத்திலிருந்து 'பள்ளிவாசலை' வெட்டினார். நாம் எழுத்திலிருந்து எமக்காகப் பேசிய கிறிஸ்தவனை வெட்டினோம். கத்தி ஒன்றுதான்.

இப்போது இந்தக் கட்டுரையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

2020 ஜூலை மாதம் இஸ்தான்புல்லின் அயாசோபியா மீண்டும் பள்ளிவாசலாக்கப்பட்டது. 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, 1934ஆம் ஆண்டு முடிவின்படி அருங்காட்சியகமான கட்டடம் அது. ஜூலை 24ஆம் திகதி முதல் ஜும்ஆவில் துருக்கியின் மத விவகாரத் தலைவர் வாளைப் பிடித்துக்கொண்டு மின்பர் ஏறினார். அன்று எம் எழுத்தாளர்கள் என்ன எழுதினார்கள்? குர்துபாவுக்காக அழுதவர்களேதான் அதை 'மீட்பு' என்று கொண்டாடினார்கள். என் பாடசாலை ஆசிரியர் அறையில் மிட்டாய் பரிமாறப்பட்டது. நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன், மறைக்கவில்லை. அங்கே மேல் வளைவிலிருக்கும் மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களின் கண்ணாடிச் சித்திரம் இப்போது தொழுகைக்காகத் திரையிட்டு மறைக்கப்படுகிறது. குர்துபா மிஹ்றாபுக்குக் கலைஞனை அனுப்பிய பேரரசரின் தேவாலயம் அது என்பதை, கம்பி வேலிக்கு முன் நின்றபோதுதான் நான் நினைத்துப் பார்த்தேன். அந்த மிட்டாய் அப்போதுதான் கசந்தது.

'இரண்டும் ஒன்றல்ல' என்ற பதில் எனக்குத் தெரியும். அயாசோபியா சுல்தானின் வக்பு, துருக்கி நீதிமன்றம் அதை ஏற்றது, அங்கே பிறரும் பார்வையிடலாம் என்பார்கள். சரி. பெர்னாந்தோ மன்னன் குர்துபாவைப் போரில் வென்று திருச்சபைக்குக் கொடுத்தான், பதிவுச் சட்டம் அதை ஏற்றது, அங்கேயும் நான் போய்ப் பார்த்தேன் என்று ஆயர் சொன்னால் என்ன மறுமொழி வைத்திருக்கிறோம்? வென்றவனுக்கே உரியது என்பது நியாயமானால் இரண்டு இடத்திலும் நியாயம். அநியாயமானால் இரண்டு இடத்திலும் அநியாயம். வென்றது நாமாக இருக்கும்போது 'பத்ஹ்', தோற்றது நாமாக இருக்கும்போது 'பறிப்பு' என்று இரண்டு அகராதி வைத்து எழுதுகிறவனுக்குத் தமிழில் ஒரு பெயருண்டு. அது எழுத்தாளன் என்பதல்ல.

வேறொரு பதிலும் உண்டு, அது கொஞ்சம் கனமானது. 'நாம் சிறுபான்மை. உள்ளூரிலேயே அடிபட்டு நிற்கிறோம். எங்கோ தூரத்தில் ஒரு பெருமையைக் காட்டி எம் பிள்ளைகளை நிமிரச் செய்வதில் என்ன பிழை?' ஒரு மூத்த எழுத்தாளர் நூல் வெளியீடொன்றில் என்னிடம் கேட்டார். காக்கா, பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் ஆண்டில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன் நான். பாதிக் கதையைக் கேட்டு நிமிர்ந்த பிள்ளை மீதிக் கதையை எதிரியின் வாயிலிருந்து கேட்கும் நாளில் கூனிப் போகிறது, அல்லது கேட்க மறுத்து முரடாகிறது. இரண்டையும் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். முழுக் கதையையும் சொல்லிப் பாருங்கள். மணிகளின் கதையை நான் சொன்ன அன்று பின்வாங்கில் ஒரு பையன், வருடத்தில் நாலு தரம்கூட வாய் திறக்காதவன், "அப்ப சேர், அந்த மணியத் தூக்கின ரெண்டு கூட்டமும் வழியில சந்திச்சிருந்தா என்ன பேசியிருக்கும்?" என்று கேட்டான். இருநூற்று முப்பத்தொன்பது வருட இடைவெளி என்று கணக்குச் சொல்லி அவனை இருத்திவிட்டேன். அவன் கேட்டதுதான் கவிதை. நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது ஒப்பாரி.

அங்கே தொழவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தடை சிறுமையானது. ஆனால் 'அது எங்களுடையது' என்று அதைக் கேட்க எனக்கு நாவெழவில்லை. எட்டு நூற்றாண்டாக அங்கே பூசை நடக்கிறது. அந்த மக்களுக்கு அது இன்று வழிபாட்டிடம். அயல்வீட்டாரிடம் கேட்பதுபோலக் கேட்கலாம். அப்படிக் கேட்க வேண்டுமென்றால், அயாசோபியாவில் ஒரு கிரேக்கக் கிழவி மெழுகுதிரி ஏற்ற வந்தால் விட வேண்டும் என்றும் இதே பக்கங்களில் எழுத வேண்டும். எழுதுவோமா?

ஒன்பதரைக்கு மணியடித்தது. பூசைக்கு நேரமாகிவிட்டதென்று காவலாளிகள் எங்களைக் கதவுப் பக்கம் ஒதுக்கினார்கள். முற்றத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். நகரப் பூங்காவொன்றுக்குள் 'மொராபித்தோ' என்று ஒரு குட்டிப் பள்ளிவாசல் இருப்பதாக மச்சினன் கண்டுபிடித்தான். உள்நாட்டுப் போரில் ஜெனரல் பிராங்கோவின் பக்கம் நின்று போரிட்ட மொறோக்கோப் படையினருக்காகக் கட்டப்பட்டதாம். சிலுவைப் போர் என்று சொல்லித் திருச்சபை ஆசீர்வதித்த போரில் முஸ்லிம் சிப்பாய்! எங்கள் ஊர்த் தைக்கா அளவுதான் இருக்கும். லுஹரை அங்கே தொழுதோம்.

வெளியே வந்தபோது ஒரு மொறோக்கோக்காரப் பெரியவர் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தார். மச்சினன் மொழிபெயர்த்தான். இங்கே தங்களை 'மோரோ' என்று ஏசுவார்களாம், மரியாதையில்லாத சொல்லாம். எமது பிறப்பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் அரசாங்கமே ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறது என்று நான் சொன்னதும் அவருக்கு நம்ப முடியவில்லை. போர்த்துக்கேயன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சொல் அது. 1609இல் இந்த மண்ணிலிருந்து மொரிஸ்கோக்களைத் துரத்திய அதே அரச குடும்பம், போர்த்துக்கலையும் சேர்த்து ஆண்ட நாளில், 1626இல் இலங்கையில் போர்த்துக்கேயரின் ஆட்சிப்பகுதியிலிருந்து எம் முன்னோரைத் துரத்தியது. கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை எங்கள் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். மச்சினனுக்கு இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை. சுருக்கமாக ஏதோ சொன்னான்.

பெரியவர் தலையாட்டிவிட்டு, "அப்படியானால் உங்கள் பாட்டன்மார் இங்கேயிருந்து போனவர்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "பெயர் மட்டும்தான் இங்கேயிருந்து வந்தது."